டியூப் முடிந்ததும் திரும்பி வரும் படர்தாமரை

வாசகி எழுதியது (சுருக்கமாக): நாங்கள் திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் இருக்கிறோம். கணவருக்கு 38 வயது, கடல்தொழில். எட்டு மாதமாக அவருக்குத் தொடை இடுக்கிலும் இடுப்பைச் சுற்றியும் வட்ட வட்டமாகப் படர்தாமரை. பாமசியில் சொல்லி வாங்கிய டியூப்பைப் பூசினால் மூன்றாம் நாளே கடி நின்றுவிடும். விட்டால் முன்பைவிடப் பெரிதாக வரும். கத்தாரில் இருக்கும் தம்பி அனுப்பிய கிறீமும் அப்படித்தான். இப்போது எனக்கும் கையிலும் இடுப்பிலும் வந்துவிட்டது. ஐந்து மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். மாமியாருக்கு 62 வயது, சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல் எல்லாவற்றுக்கும் குளிசை எடுக்கிறார். அவருக்கு மார்புக்குக் கீழே வெந்தது போலச் சிவந்து எரிகிறது. ஆறு வயது மகனுக்குத் தலையில் ஓரிடத்தில் முடி கொட்டிச் செதில் கட்டியிருக்கிறது. வீட்டில் பூனை குட்டி போட்டிருக்கிறது. இரத்தம் கெட்டதால்தான் இது, கிரந்திச் சாப்பாடு கூடாது என்று சொன்னார்கள். மீன், இறால் எல்லாம் நிறுத்திவிட்டோம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஏழு நாள் குளிக்கவும் சொல்கிறார்கள். இது தீருமா?

அன்பின் சகோதரிக்கு,

தீரும். ஆனால் கையிலிருக்கும் அந்த டியூப்பால் தீராது. மூன்றாம் நாளே கடி நிற்கிறது, விட்டால் பெரிதாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தவுடனேயே முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த டியூப்பைத்தான். படர்தாமரை பங்கசு என்ற பூஞ்சணத்தால் வருவது. பங்கசு மருந்து மட்டும் உள்ள கிறீம் இவ்வளவு வேகமாகக் கடியை அடக்காது. அது மெதுவாக, ஒரு கிழமை பத்து நாளில்தான் தெரியும்படி குறைக்கும். மூன்று நாளில் சிவப்பும் கடியும் மறைகிறதென்றால் பெரும்பாலும் அதற்குள் சிவப்பையும் கடியையும் அடக்கும் ஸ்டீரொயிட் என்ற மருந்து கலந்திருக்கிறது.

இரண்டு டியூப்பையும் எடுத்துக் கூட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் பாருங்கள். பீட்டாமெதசோன், குளோபெட்டசோல், பெக்லோமெதசோன், மொமெட்டசோன், டெக்சாமெதசோன், ட்ரையம்சினொலோன், ஹைட்ரோகோட்டிசோன். இவற்றில் எது இருந்தாலும் அது ஸ்டீரொயிட். பல டியூப்களில் மூன்று மருந்து ஒன்றாக இருக்கும்: ஒரு ஸ்டீரொயிட், நியோமைசின் அல்லது ஜென்டாமைசின் போன்ற ஒரு அன்டிபயோட்டிக், கூடவே குளொட்ரிமசோல் போன்ற ஒரு பங்கசு மருந்து. பங்கசு மருந்தும் இருக்கிறதே என்று நம்பித்தான் வாங்குகிறோம். இன்னொரு பொறி பெயரிலேயே இருக்கிறது. குளொட்ரிமசோல் பங்கசு மருந்து, குளோபெட்டசோல் மிகக் கடுமையான ஸ்டீரொயிட். வாயால் சொல்லி வாங்கினால் ஒன்றுக்குப் பதில் மற்றது கைக்கு வந்துவிடும். எழுதிக் கொடுத்து வாங்குங்கள், கூட்டைப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் "மூலிகை" கிறீம்கள் சிலவற்றில் கூட்டில் எழுதாமலே ஸ்டீரொயிட் கலந்திருப்பதும் கண்டறியப்பட்டிருக்கிறது. எழுத்து விளங்காத டியூப்பைப் பூசாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

படர்தாமரைப் பங்கசு தோலின் ஆகமேலே இருக்கும் செத்த படையில்தான் குடியிருக்கும். அங்கே இருக்கும் கெரட்டின் என்ற புரதம்தான் அதற்குச் சாப்பாடு. முடியும் நகமும் அதே புரதத்தால் ஆனவை என்பதால் அங்கேயும் போகும். ஓரிடத்தில் தொடங்கி வெளிப்பக்கமாக வளர்ந்துகொண்டு போவதால் ஓரம் சிவந்து, செதிலோடு உயர்ந்து நிற்கும். நடுப்பகுதி ஆறியது போல இருக்கும். அதனால்தான் வட்டம். சிவப்பும் கடியும் உங்கள் உடம்பு அதை விரட்டப் போராடுவதன் அடையாளம். ஸ்டீரொயிட் அந்தப் போராட்டத்தை நிறுத்திவிடுகிறது, பங்கசை விட்டுவிடுகிறது. வெளியே அமைதி, உள்ளே அது தாராளமாகப் பரவுகிறது, முடிக்குழிகளுக்குள்ளும் இறங்குகிறது. பூசுவதை நிறுத்தியவுடன் உடம்பு மறுபடி விழித்துக்கொள்ளும்போது சண்டை முன்பைவிடப் பெரிய இடத்தில் நடக்கிறது. கணவருக்கு வட்டத்துக்குள் வட்டமாக, இரண்டு மூன்று ஓரங்கள் தெரிகிறதா என்று பாருங்கள். ஸ்டீரொயிட் பூசிய படர்தாமரைக்கு அது ஒரு முத்திரை. தொடை இடுக்கில் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வயிற்றில் விழுவது போன்ற வரிகள் விழுந்திருந்தால் அவை காலத்துக்கும் போகாது. அதனால்தான் இன்றைக்கே நிறுத்தச் சொல்கிறேன்.

நிறுத்தியதும் கடி கூடும். இதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் நான்காம் நாள் பழைய டியூப்பைத் தேடி எடுப்பார். ஒரு கிழமை, சிலருக்கு இரண்டு கிழமை சிவந்து கடிக்கும். இரவில் செட்டிரிசின் 10 மி.கி. குளிசை ஒன்று தாங்க உதவும். பிரித்தன் என்று நாம் சொல்லும் குளோர்பெனிரமினும் கடியைக் குறைக்கும், ஆனால் நன்றாகத் தூக்கம் வரும். வள்ளத்தில் போகிறவர் அதைப் பகலில் போடவே கூடாது. செட்டிரிசினும் சிலருக்குத் தூக்கத்தைத் தரும், அதனால் கடலுக்குப் போகும் இரவுகளில் இரண்டையும் தவிர்க்கட்டும்.

இனிப் பூசும் முறை. இதில்தான் பாதிப்பேர் தோற்றுப்போகிறார்கள். குளொட்ரிமசோல் 1 சதவீதக் கிறீம் அல்லது மைக்கோனசோல் 2 சதவீதக் கிறீம், தனி மருந்தாக, வேறெதுவும் கலக்காதது, காலையும் இரவும். குளித்து, இடுக்குகளை ஒற்றி எடுத்து, பத்து நிமிடம் காற்றுப் பட விட்டுப் பூசவேண்டும். ஈரத்தோலில் பூசினால் மருந்து வழுக்கிப் போகும், ஈரம் அடியில் நிற்கும். வட்டத்தின் நடுவில் தேய்ப்பது வீண். பங்கசு நிற்பது ஓரத்தில், கண்ணுக்குத் தெரியும் ஓரத்தையும் தாண்டிச் சற்று வெளியே. ஆகவே ஓரத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலில் தொடங்கி உட்பக்கமாகப் பூசிக்கொண்டு வாருங்கள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள்.

அளவு எவ்வளவு? ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூப்பிலிருந்து பிதுக்கினால் ஏறக்குறைய அரைக் கிராம். அது இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்கு, விரல்களையும் சேர்த்து, போதும். கணவருக்கு இடுப்பும் இரண்டு தொடை இடுக்கும் சேர்த்து ஆறு உள்ளங்கை அளவு என்று வைத்தால் ஒரு முறைக்கு ஒன்றரைக் கிராம், ஒரு நாளைக்கு மூன்று கிராம். 20 கிராம் டியூப் ஏழு நாளைக்குக்கூட வராது. நான்கு கிழமைக்கு நான்கு டியூப்புக்கு மேல் வேண்டும். ஒரே டியூப்பை ஒரு மாதம் இழுத்தால் பங்கசு சாகிற அளவுக்கு மருந்து படாது.

எத்தனை நாள்? வட்டங்கள் முழுதும் மறைந்து தோல் வழமைக்கு வந்த பிறகும் இன்னும் இரண்டு கிழமை. தோலின் மேற்படை புதிதாக மாற ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கிறது. பங்கசு ஒட்டியிருக்கும் பழைய படை உதிர்ந்து போகும்வரை மருந்து இருக்கவேண்டும். கடி நின்ற நாளை முடிவு நாளாக எடுப்பதுதான் வழக்கமான பிழை.

உங்களுக்குக் கையிலும் இடுப்பிலும் சின்ன வட்டங்கள் மட்டும் என்றால் இந்தக் கிறீமே போதும். பால் கொடுக்கும்போது பூசுவதில் பயமில்லை. குழந்தையின் வாயோ முகமோ படும் இடத்தில் மட்டும் பூசவேண்டாம், கைவட்டத்தின் மேல் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு குழந்தையைத் தூக்குங்கள். கணவருக்கு எழுதிக் கொடுக்கும் குளிசையை நீங்கள் பங்கு போடக்கூடாது. பெரும்பாலும் எழுதப்படும் டெர்பினாஃபின் என்ற பங்கசுக் குளிசை தாய்ப்பாலில் கலக்கும்.

கணவருக்குக் கிறீம் மட்டும் போதாது என்பது என் கணிப்பு. எட்டு மாதம், பெரிய பரப்பு, ஸ்டீரொயிட் பூசிய தோல், மூன்றும் சேர்ந்தால் குளிசை தேவை. இதற்கு வைத்தியரைத்தான் காணவேண்டும். அவர் என்ன செய்வார், நீங்கள் என்ன கேட்கவேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஓரத்துச் செதிலைச் சுரண்டி எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட்டில் ஊறவைத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். வலிக்காது, இரத்தம் வராது. பங்கசு இழைகள் அதில் தெரியும். வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு நான்கு கிழமை வரை போகலாம். சுரண்டுவதற்கு முன் ஒரு கிழமையாவது பங்கசுக் கிறீம் பூசாமல் போனால்தான் சோதனை சரியாக வரும். கிளினிக் நாள் கிட்டத்தில் இருந்தால் கணவருக்கு மட்டும் புதுக் கிறீமை அதற்குப் பிறகு தொடங்குங்கள்.

குளிசைகளில் பெரும்பாலும் எழுதுவது டெர்பினாஃபின் 250 மி.கி., நாளைக்கு ஒன்று. உடம்புப் படர்தாமரைக்குப் புத்தகக் கணக்கு இரண்டு முதல் நான்கு கிழமை, ஸ்டீரொயிட் பூசிய தோலுக்கு அதைவிட நீளும். ஈரல் வருத்தமோ நிறையக் குடிக்கும் பழக்கமோ இருந்தால் மறைக்காமல் சொல்லவேண்டும், இரத்தத்தில் ஈரல் சோதனை செய்து தொடங்குவார்கள். கண் மஞ்சளாவது, சலம் தேத்தண்ணி நிறத்தில் போவது, சாப்பாடே பிடிக்காமல் போவது கண்டால் அன்றைக்கே நிறுத்திக் காட்டவேண்டும். சிலருக்கு நாக்கில் ருசி போய்விடும், நிறுத்தியபின் மெல்லத் திரும்பும்.

இன்னொன்று இட்ராகொனசோல், நாளைக்கு 200 மி.கி. வரை. அந்தக் கப்ஸ்யூலை வெறும் வயிற்றில் விழுங்கினால் பாதி வீண். நல்ல சாப்பாட்டோடு எடுக்கவேண்டும், ஏனெனில் வயிற்றில் அமிலம் இருந்தால்தான் அது கரையும். காஸ்ட்ரைட்டிசுக்கு ஒமிப்ரசோல் போடுகிறவருக்கு இது சரியாக உடம்பில் சேராது. கடல்தொழிலில் நேரத்துக்குச் சாப்பாடு இல்லாமல் ஒமிப்ரசோலில் இருக்கிறவர்கள் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ராகொனசோல் கூடாது.

டெர்பினாஃபினைச் சரியான அளவில் நான்கு கிழமை எடுத்தும் அசையவில்லை என்றால் கணவரைக் குறை சொல்லவேண்டாம். தென்னாசியாவில் அந்த மருந்துக்கு அடங்காத ஒரு பங்கசு பரவியிருக்கிறது. 2020ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு ட்ரைக்கோபைட்டன் இண்டோடினியே என்று பெயர் வைத்தார்கள். பங்கசு தன் கலச்சவ்வைக் கட்ட ஸ்குவாலீன் எபொக்சிடேஸ் என்ற நொதியை நம்பியிருக்கிறது, டெர்பினாஃபின் அந்த நொதியில்தான் போய்ப் பூட்டுகிறது. இந்த வகையில் நொதியின் மரபணு மாறி, பூட்டும் இடம் கெட்டுவிட்டது. இது இருந்தாலும் இட்ராகொனசோலுக்குப் பெரும்பாலும் அடங்கும். ஆகவே நான்காம் கிழமை முடிவில் திரும்பிப் போய்க் காட்டுவது முக்கியம். அதே குளிசையைப் பாமசியில் தொடர்ந்து வாங்கிப் போடுவதில் பயனில்லை.

மாமியாருக்கு இருப்பது வேறு வருத்தம் போலத் தெரிகிறது. மார்புக்குக் கீழே மடிப்பில் வெந்தது போலச் சிவந்து, ஈரமாக, பெரிய சிவப்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொட்டுகள் தெறித்தது போல இருந்தால் அது கண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பங்கசு. சீனி கூடியிருக்கும் உடம்பும் வியர்வை தங்கும் மடிப்பும் அதற்குப் பிடித்த இடம். குளொட்ரிமசோல் இதற்கும் வேலை செய்யும். நிஸ்டட்டின் என்ற மருந்து கண்டிடாவுக்கு மட்டும்தான், அதை உங்கள் வட்டங்களில் பூசினால் ஒன்றும் நடக்காது. மடிப்பை ஒற்றி உலர்த்தி, மருந்து பூசி, இடையில் சுத்தமான பழைய பருத்தித் துணித் துண்டொன்றை வைத்து இரண்டு மூன்று தடவை மாற்றுங்கள். உண்ணாநிலை இரத்தச் சீனியைப் பார்த்து, கடந்த கிளினிக்கைவிடக் கூடியிருந்தால் அதையும் சரிசெய்யவேண்டும். சீனி குறையாமல் கிறீமால் வரும் சுகம் நிலைக்காது. டபாக்லிஃப்ளொசின், எம்பாக்லிஃப்ளொசின் போன்ற புதிய சீனிக் குளிசைகள் சீனியைச் சலத்தோடு வெளியேற்றுவதால் மர்மப் பகுதியில் இதே பங்கசு வரலாம். அங்கும் கடி இருக்கிறதா என்று கூச்சப்படாமல் நீங்கள் கேளுங்கள், அவராகச் சொல்லமாட்டார்.

அவருக்கு யாராவது "ஒரே குளிசையில் சரியாகும்" என்று புளுகொனசோலைத் தந்தால் விழுங்கமுன் சீனிக் குளிசையின் பெயரைப் பாருங்கள். கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் ஆகியவற்றோடு புளுகொனசோல் சேர்ந்தால் சீனி ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம். மெட்போமினோடு அந்தப் பயம் இல்லை. கொலஸ்ட்ரோலுக்கு சிம்வஸ்டட்டின் எடுக்கிறவருக்கு இட்ராகொனசோல் கூடவே கூடாது, தசைகள் சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கும். அட்டொவஸ்டட்டினுக்கும் வைத்தியர் கவனம் எடுக்கவேண்டும். ஆகவே அவர் போடும் எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

மகனின் தலைதான் இந்தக் கடிதத்தில் எனக்கு அதிகம் அவசரமாகப் படுகிறது. செதில் கட்டி, முடி அடியோடு முறிந்து, ஓரிடம் வெளிப்பது சிறுபிள்ளைகளில் பெரும்பாலும் தலைப்படர்தாமரை. பங்கசு முடியின் வேருக்குள் இருப்பதால் எந்தக் கிறீமும் அங்கே எட்டாது, எண்ணெயும் எட்டாது. குளிசை வேண்டும். பழைய மருந்தான கிரிசியோபுல்வின் இன்றும் இதற்கு நன்றாக வேலை செய்கிறது, முக்கியமாகப் பூனையிலிருந்து வரும் வகைக்கு. (1939இல் ஒரு பூஞ்சணத்திலிருந்தே பிரித்தெடுத்த மருந்து இது.) பிள்ளையின் நிறைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 மி.கி. என்று வைத்தியர் கணக்கிடுவார். 18 கிலோப் பிள்ளைக்கு அது நாளைக்கு 180 முதல் 360 மி.கி. ஆறு முதல் எட்டுக் கிழமை, சில வேளை அதற்கும் மேல். கொழுப்புள்ள சாப்பாட்டோடுதான் அது உடம்பில் ஏறும். முட்டை, ஆடை எடுக்காத பால், தேங்காய்ப்பால் விட்ட கறியோடு சோறு, இவற்றின் பிறகு கொடுங்கள். வெறும் தேத்தண்ணியோடு கொடுத்தால் நாளும் போகும், மருந்தும் போகும்.

தலையை மொட்டை அடிக்கத் தேவையில்லை. வீட்டில் எல்லோரும் கீட்டொகொனசோல் 2 சதவீத ஷாம்புவைக் கிழமைக்கு இரண்டு தடவை போட்டு ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். அது நோயைத் தீர்க்காது, மற்றவர்களுக்குப் பரவுவதைக் குறைக்கும். சீப்பு, தொப்பி, தலையணை உறை தனித்தனி. மருந்து தொடங்கிவிட்டால் பள்ளிக்கூடம் மறிக்க வேண்டியதில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: அந்த இடம் பஞ்சு போல வீங்கிச் சீழ் கசிந்தால் கட்டு என்று நினைத்துக் கீறிவிடக்கூடாது. அது பங்கசுக்கு உடம்பு காட்டும் கடும் எதிர்ப்பு. கீறினால் தழும்பு விழுந்து முடி முளைக்காமலே போகும். காய்ச்சலோ கழுத்தில் நெறியோ கண்டால் அன்றைக்கே வைத்தியசாலை.

பூனையையும் குட்டிகளையும் துரத்திவிடவேண்டாம், அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போகும். காது நுனி, மூக்கு, முன்னங்காலில் மயிர் கொட்டிய இடம் இருக்கிறதா என்று பார்த்து மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். ஒன்றுமே தெரியாத பூனையும் இதைச் சுமக்கும். அதுவரை பிள்ளையின் பாயிலும் மெத்தையிலும் அதைப் படுக்கவிடாதீர்கள்.

இவ்வளவையும் ஒரே கிழமையில் தொடங்கவேண்டும். கணவர் ஆறி, உங்களிடமிருந்து மறுபடி எடுத்து, பிறகு பிள்ளைக்குக் கொடுத்து என்று சுற்றிக்கொண்டிருந்தால் எத்தனை டியூப் வாங்கினாலும் முடியாது. பங்கசின் வித்துகள் துணியில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாறம், உள்ளாடை, துவாய், படுக்கை விரிப்பு ஆகியவற்றை மற்றத் துணிகளோடு சேர்த்து ஊறவைக்காமல் தனி வாளியில் போட்டு, கொதித்த தண்ணீரை ஊற்றி மூடி அரை மணித்தியாலம் வைத்துத் தோய்த்து, உட்பக்கம் வெளியே தெரியப் புரட்டிக் கொடியில் போடுங்கள். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் இது லேசு. மாரியில், கார்த்திகை மார்கழி மழையில் வீட்டுக்குள்தான் காயப்போட வேண்டிவரும். அப்போது ஈரப்பதன் போகும்வரை அயன் பண்ணி உடுக்கக் கொடுங்கள், முக்கியமாக இடுப்புப் பட்டியும் தையலும். ஆளுக்கொரு துவாய் என்பது செலவில்லாத மருந்து.

அவர் அரைஞாண் கட்டியிருக்கிறாரா? கறுப்புக் கயிறாக இருந்தால் அது எந்நேரமும் ஈரம், இடுப்பைச் சுற்றி வட்டம் வருவதற்கு அதுவும் காரணமாயிருக்கலாம். வெட்டி எறியுங்கள், சுகமான பிறகு புதிதாகக் கட்டலாம். கடலிலிருந்து வந்தவுடன் நல்ல தண்ணீரில் குளித்து உலர்ந்த சாறம் மாற்றவேண்டும். கடல்நீர் பட்ட துணியை அப்படியே காயவைத்தால் அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் துணியை மறுபடி நமுக்கவைக்கும். உப்புத்தண்ணீர் பங்கசைக் கொல்லும் என்று நம்பிக் குளிக்காமல் விடுகிறவர்கள் உண்டு, அது நடப்பதில்லை. அவருடைய கால்விரல் இடுக்குகளையும் பாருங்கள். வெளுத்து ஊறிப் பிளந்திருந்தால் சேற்றுப்புண், அதே பங்கசுதான். அதை விட்டுவிட்டு இடுப்புக்கு மட்டும் பூசினால் காலிலிருந்து துவாய் வழியாகத் திரும்ப ஏறும். துடைக்கும்போது காலைக் கடைசியாகத் துடைக்கட்டும். தொடை இடுக்கை மழிக்கவேண்டாம், கத்தரியால் குறைத்தால் போதும். மழித்த கீறலில் பங்கசு இன்னும் லேசாக ஏறும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். படர்தாமரை இரத்தத்திலிருந்து வருவதில்லை, வெளியேயிருந்து தோலில் ஒட்டுவது. கிரந்தி என்று சொல்லி மீனையும் இறாலையும் நிறுத்தியதால் அதற்கு ஒரு குறையும் வராது. குறைவது பால் கொடுக்கும் உங்களுக்கும் வளரும் பிள்ளைக்கும் கிடைக்கவேண்டிய புரதம்தான். சாப்பிட்டவுடன் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்குகிறதென்றால் அது ஒவ்வாமை, அந்தச் சாப்பாட்டை நிறுத்தவேண்டும். இல்லாவிட்டால் இன்றிரவே மீன் காய்ச்சுங்கள்.

கன்னியாவுக்குப் போவதை நான் தடுக்கவில்லை. வெந்நீர் பட்டால் கடி கொஞ்ச நேரம் மறக்கும், ஏனென்றால் சூடு கடி உணர்வை மூடிவிடுகிறது. பிறகு கூடும். துணியில் பங்கசைக் கொல்ல 60 பாகைச் சூடு வேண்டும், மேலில் ஊற்றித் தாங்கக்கூடிய தண்ணீரில் அது சாகாது. ஏழு கிணறும் ஏழு நாளும் மருந்துக்குப் பதிலாகாது. போனால் ஈரத் துவாயை ஒருவருக்கொருவர் மாற்றாதீர்கள். வண்டுகொல்லி என்று நாம் சொல்லும் சீமையகத்தி இலையில் பங்கசுக்கு எதிரான சத்து உண்மையிலேயே இருக்கிறது, அந்த வழக்கத்தை நான் மூடநம்பிக்கை என்று சொல்லமாட்டேன். ஆனால் தேசிக்காயும் உப்பும் வைத்து அரைத்துத் தொடை இடுக்கில் பூசித் தோல் வெந்தால் அந்தப் புண்ணில் கிருமி ஏறும். மண்ணெண்ணெய், பற்றரி அசிட், உள்ளி, கலக்காத டெட்டோல் இவை எதுவும் தோலில் படக்கூடாது.

எல்லா வட்டமும் படர்தாமரையும் இல்லை. முதுகிலும் நெஞ்சிலும் வெளிறிச் செதிலுதிரும் தேமல் வேறு பங்கசு. மருந்து போட்டபின்னும் நிறம் திரும்ப மாதங்கள் எடுக்கும், அதைக் கண்டு திரும்பத் திரும்பப் பூசவேண்டியதில்லை. கடிக்காமல், வெளிறி, தொட்டால் உணர்ச்சி குறைந்த திட்டு யாருக்காவது இருந்தால் அதைப் பிந்தவிடாதீர்கள். கிழக்கில் தொழுநோய் இன்னும் புதிதாகக் கண்டறியப்படுகிறது. அதற்கு இலவசமாக மருந்து உண்டு, நரம்பு கெடமுன் தொடங்கினால் முழுதாகக் குணமாகும்.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் முதலில் காட்டி, தோல் நோய்க் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். கணவர் தனியாகப் போகவேண்டாம், நால்வரும் ஒரே நாளில் போங்கள், குழந்தையையும் தூக்கிக்கொண்டு. பூசிய எல்லா டியூப்களும், வெறும் கூடாக இருந்தாலும், மாமியாரின் குளிசைப் பையும், கிளினிக் கொப்பியும் கையில் இருக்கட்டும். பூசியது ஸ்டீரொயிட் என்றால் அதை எத்தனை மாதம் பூசினார் என்பதை வைத்தியர் கேட்கமுன் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் எந்தக் குளிசையை எத்தனை கிழமைக்கு எழுதுவது என்று முடிவெடுப்பது பெரும்பாலும் அந்த ஒரு பதிலைப் பொறுத்துத்தான்.